காகிதம் தேர்ந்தெடுத்த துப்பாக்கி

பேரப்பிள்ளைக்கு வேட்டைத் துப்பாக்கி தேர்ந்தெடுப்பது அமெரிக்கக் கிராமங்களில் தாத்தாக்கள் ஆற அமர யோசித்துச் செய்யும் காரியம். பிள்ளையின் கை எவ்வளவு நீளம், தோள் எவ்வளவு உதைப்பைத் தாங்கும், சுடப்போவது முயலா மானா என்றெல்லாம் பார்த்து, முதலில் ஒற்றைத் தோட்டா போடும் .22 ரைஃபிள், வளர்ந்த பிறகு .243 என்று போகும் அந்தக் கணக்கு. அதே கேள்வியைக் கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் கேட்டால் என்ன பதில் வரும்? துப்பாக்கியே அறியாத வட்டாரம் அல்ல இது. சேந்தமங்கலத்தில் இருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்குப் போய், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் மலை நாடுகளில், பாட்டன் கையில் இருந்து பேரன் கைக்கு வந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிகள் உண்டு. உரிமம் இல்லாதவற்றை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அவ்வப்போது அறிவிப்பு விடுவதும், புதரோரம் போட்டுவிட்டுப் போன ‘கள்ளத் துப்பாக்கி’களை அள்ளி வந்து வரிசையாக அடுக்கிப் படம் எடுப்பதும் நாமக்கல் செய்திப் பக்கங்களுக்குப் பழகிப்போனவை. படிப்பவர்கள் உடனே வல்வில் ஓரியை நினைத்துக்கொள்கிறார்கள்: வேட்டைக் குடி, அன்று வில், இன்று துப்பாக்கி. கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கதை ஆதாரங்களோடு ஒத்துப்போகவில்லை. கொல்லிமலைப் பேரன் எந்தத் துப்பாக்கியைப் பெறுவான் என்பதை முடிவு செய்தவை கல்கத்தாவிலும் சென்னையிலும் டெல்லியிலும் எழுதப்பட்ட சட்டக் காகிதங்கள். தாத்தாவுக்கு அதில் தேர்வு என்று ஒன்று இருக்கவே இல்லை என்பது என் வாதம்.

ஓரியில் இருந்தே தொடங்கலாம்; எதிர்வாதத்தின் முழு பலமும் அவனிடம்தான் இருக்கிறது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் வேட்டுவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. செம்மேட்டில் நிற்கும் சிலை, ஆடி மாதம் நடக்கும் அரசு விழா எல்லாம் அந்த வில்லுக்குக் கிடைத்த மரியாதை. ஆனால் பாட்டு பேசுவது ஒரு தலைவனின் கைத்திறத்தை. மலையில் புனம் போட்ட குடிகள் அன்றாடம் என்ன செய்தார்கள் என்று தெரிய வேறு பாட்டுகளிடம் போக வேண்டும். குறிஞ்சித் திணையில் தினைப்புனம் காப்பது பெண்பிள்ளைகளின் வேலை. பரண் மேல் நின்று தட்டையைத் தட்டுகிறார்கள், குளிர் என்ற கருவியை ஒலிக்கிறார்கள், கவணில் கல் வைத்து வீசிக் கிளியை ஓட்டுகிறார்கள். இரவில் யானையும் பன்றியும் இறங்கும் நேரத்துக்கு ஆண்கள் தீ மூட்டி விழித்திருக்கிறார்கள். விரட்டினால் போதும், கொல்ல வேண்டியதில்லை என்பது அந்தக் காவலின் கணக்கு. இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கி வந்த பிறகும் இதுதான் முக்கியமாகப் போகிறது. ஓரியைக் காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததோடு அந்த வில்லின் கதை முடிகிறது. அதற்கும் இந்த மலையில் முதல் துப்பாக்கி வெடித்ததற்கும் நடுவே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாவது கிடக்கின்றன. இன்று மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்து ஏறியதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பிரிந்து போன அந்தக் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் காணலாம். அந்தக் கதையில் ஓரி வருவதில்லை.

துப்பாக்கி மலைக்கு ஏறியது கீழ்நாட்டில் இருந்து. நாயக்கர் காலத்தில் அது பாளையப்பட்டின் படைக்கலம். சேந்தமங்கலம் அப்படியொரு பாளையம். நாமக்கல் கோட்டையைக் கட்டியவர் சேந்தமங்கலத்து ராமச்சந்திர நாயக்கர் என்று ஊரார் சொல்வார்கள். திரி பற்றவைத்துச் சுடும் துப்பாக்கி பாளையக்காரரிடமும் அவருடைய ஆட்களிடமும் இருந்தது. சாமையும் கேழ்வரகும் விதைத்தவனுக்கு அது எட்டாத பொருள். இரும்புக்குப் பஞ்சம் இருந்ததால் எட்டவில்லை என்று சொல்ல முடியாது. கஞ்சமலையைப் போலவே கொல்லிமலைத் தொடரிலும் காந்த இரும்புத்தாது உண்டு என்று வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் 1864இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குறைவாக இருந்தது அனுமதி. மைசூர்க்காரர்கள் காலம் முடிந்து 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகாலோடு சேலம், நாமக்கல் சீமைகளும் கும்பினியின் கைக்கு வந்தன. 1801 டிசம்பரில், மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டு ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டு ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தார். அது குறிவைத்தது தெற்கத்திப் பாளையங்களை. சேலம் பக்கத்தை அல்ல. ஆனாலும் புதிய அரசின் புத்தி எந்தத் திசையில் ஓடியது என்பதற்கு அதுவே சாட்சி. 1857க்குப் பிறகுதான் வெள்ளைக்காரன் ஜனங்களிடம் இருந்து ஆயுதத்தைப் பிடுங்கினான் என்று வடக்கத்திய வரலாறு சொல்லும். தமிழ்நாட்டில் அந்த வேலை அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது.

லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்தான் இந்தக் கதையின் திருப்பம். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம், ஜமீன்தார்களிலும் பட்டம் பெற்றவர்களிலும் சிலருக்கு விலக்கு. காங்கிரசின் மூன்றாவது மாநாடு 1887இல் சென்னையில் கூடியபோதே இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 1931 கராச்சி மாநாடு, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே எழுதியது. இதற்கிடையே 1882இல் வந்த சென்னை வனச் சட்டம், ஒதுக்குக் காடுகளில் விதிக்கு மாறாக வேட்டையாடுவதையும் சுடுவதையும் கண்ணி வைப்பதையும் குற்றமாக்கியது. ஒரு சட்டம் கருவியைப் பிடித்தது, இன்னொன்று காட்டைப் பிடித்தது. இரண்டுக்கும் வெளியே நின்றவர்களும் பக்கத்து மலையிலேயே இருந்தார்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்த ஏற்காட்டில் தோட்டத் துரைமார்களுக்குத் துப்பாக்கி என்பது பட்டியலைப் பார்த்துப் பொறுக்குகிற பொருள். ரிக்பி வேண்டுமா, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் வேண்டுமா. பறவைக்கு 12 போர், காட்டெருமைக்குக் கனத்த இரட்டைக்குழல் ரைஃபிள். மகனுக்கு இது, பேரனுக்கு அது. ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்களுக்குக் கூடாது என்றானபோதும் அவர்கள் கை கட்டிப்போகவில்லை; அதே வேலையைச் செய்ய .315 வந்தது, பிற்காலத்தில் ஈஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையே அதைச் செய்து விற்றது. நீலகிரிக்கு 1879இலேயே வேட்டைக்கென்று தனிச் சட்டம் போட்டு, எந்த மாதம் எதைச் சுடலாம் என்று அட்டவணை வகுத்தார்கள். விளையாட்டுக்குச் சுட்டவருக்குச் சட்டம் கால அட்டவணை கொடுத்தது. குழம்புக்கு ஒரு முயல் அடித்தவனுக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்தது.

சுதந்திரம் வந்தால் இது மாறியிருக்க வேண்டும். ஓரளவு மாறியது. நிற பேதம் போயிற்று, 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. ஆனால் அதன் 13ஆம் பிரிவை நிதானமாகப் படித்தால் பழைய ஏணிப்படி அப்படியே தெரியும். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கு, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். பயிரைக் காக்கக் கேட்கும் விவசாயிக்கோ, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி மனம் ஒப்பினால் மட்டுமே அடுத்த படி. ரைஃபிள் என்றால் தனியாகத் தக்க காரணம் காட்ட வேண்டும். அதாவது, குடியானவன் எந்தத் துப்பாக்கி வைத்திருப்பான் என்பதைச் சட்டத்தின் வாசகமே பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டது. ஐரோப்பியப் படைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே தூக்கிப்போட்ட ஒரு கருவி 20ஆம் நூற்றாண்டு முழுவதும் கொல்லிமலைப் பரண்களில் உயிரோடு இருந்ததற்குக் காரணம் மலைக்காரர்களின் பழமைப் பற்று என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்தப் பிரிவைக் காட்ட வேண்டும். போலீஸ் ஆவணத்தில் எஸ்.பி.எம்.எல். என்று நான்கு எழுத்தில் அடங்கிப்போகும் அந்தத் துப்பாக்கியை ஒருமுறை வெடிக்க வைப்பதற்குள் என்ன பாடு என்று பார்த்தால் அரசுக்கு ஏன் அதன் மேல் பிரியம் என்பதும் புரியும். குழலை நிமிர்த்தி வைத்து, வெடியுப்பும் கரியும் கந்தகமும் ஏறக்குறைய 75, 15, 10 என்ற விகிதத்தில் சேர்ந்த கருமருந்தை அளந்து கொட்ட வேண்டும். மேலே தேங்காய் நாரைச் சுருட்டித் திணித்து, இரும்புக் கம்பியால் இறுக இடிக்க வேண்டும். பிறகு ஈய ரவை, அதன் மேல் மறுபடி நார், மறுபடி இடி. கடைசியாகக் குதிரையைப் பின்னுக்கு இழுத்து, குமிழின் மேல் ஒரு கேப்பைச் செருக வேண்டும். இத்தனையும் ஒரே ஒரு வெடிக்கு. அதுவும் பனி இறங்கின ராத்திரியில் மருந்து நமத்துப்போனால் கேப்பு மட்டும் படீரென்கும், குழல் பேசாது. ஐம்பது அறுபது கஜத்துக்கு மேல் குறி என்று எதுவும் இல்லை. மெதுவாக, சத்தமாக, கிட்டத்தில் மட்டும் சுடும் ஒரு கருவியை ஏழைக்குக் கொடுப்பதில் எந்த அரசுக்கும் பயமில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். கருவி எப்படி வந்தாலும் என்ன, அதை வைத்து வேட்டைதானே ஆடினார்கள்? ஆடினார்கள். அதை மூடி மறைப்பது நேர்மையாகாது. ஆனால் வேட்டை என்ற வழக்கம் அந்தத் துப்பாக்கியைச் சார்ந்து நின்றதா என்பதுதான் கேள்வி. சேலம், நாமக்கல், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பொங்கலை ஒட்டி நடந்துவந்த முயல் வேட்டையையும், கோயில் நோன்பியோடு சேர்ந்த பாரிவேட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரே திரளும். ஓடைக்குக் குறுக்கே வலை கட்டுவார்கள், ஒரு கூட்டம் புதரைத் தட்டிக் கலைக்கும், நாய்கள் விரட்டும், தடியால் அடிப்பார்கள். கறியைக் கூறு போடும்போது வலைக்காரனுக்கு ஒரு பங்கு, நாய் கொண்டுவந்தவனுக்கு ஒரு பங்கு. பையன்கள் வேட்டையைக் கற்றுக்கொண்டது இந்தக் கூட்டத்தில். தாத்தா பேரனுக்குக் கொடுத்தது வலை முடிச்சையும் நல்ல நாய்க்குட்டியை அடையாளம் காணும் கண்ணையும். அங்கே துப்பாக்கிக்கு இடமில்லை. ஐம்பது பேர் நாலாபுறமும் ஓடும் இடத்தில் ரவை சிதறும் துப்பாக்கியை எடுப்பவனை ஊர் சும்மா விடாது. துப்பாக்கி தனி ஆளின் பொருள், ராத்திரியின் பொருள், பரணின் பொருள். அதன் முதல் வேலை சத்தம். ரவை போடாமல் வெறும் மருந்தைக் கெட்டித்து வெடித்தாலே பன்றிக்கூட்டம் அந்தப் பக்கம் திரும்பாது. மருந்தும் மிச்சம், ஈயமும் மிச்சம். தட்டையும் கவணும் செய்த வேலையை இது இன்னும் ஓங்கிய குரலில் செய்தது. ஆகவே இந்தத் துப்பாக்கிக்கு மூதாதை தேடுகிறவர்கள் ஓரியின் வில்லை விட்டுவிட்டு, புனத்தில் நின்ற பெண்பிள்ளையின் கையைப் பார்க்கலாம்.

பேரனுக்குப் போவது எப்படி என்று பார்த்தால் காகிதத்தின் ஆட்சி இன்னும் பச்சையாகத் தெரியும். அருவாளும் கலப்பையும் அப்பன் கண்ணை மூடினால் மகனுடையவை. துப்பாக்கி அப்படி அல்ல. உரிமம் ஆளுக்கு, ஆள் போனால் உரிமமும் போயிற்று. துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் தருபவர் கலெக்டர். 1997இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை அந்தக் கலெக்டர் சேலத்தில் இருந்தார். காளப்பநாயக்கன்பட்டிக்காரருக்கே இது ஒரு நாள் பிழைப்பு; வளப்பூர் நாட்டில் இருந்தோ குண்டூர் நாட்டில் இருந்தோ வருகிறவருக்குச் சாவுச் சான்று, வாரிசுச் சான்று, நிலத்துக்கு ஆவணம், போலீஸ் விசாரணை என்று எத்தனை முறை மலை இறங்க வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ள துப்பாக்கியையும் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்துவிட்டுச் சீட்டு வாங்கி வர வேண்டும். காலாவதித் தேதி ஒன்று தவறினால், நேற்றுவரை சட்டப்படி இருந்த அதே மரக்கட்டையும் குழலும் இன்று கள்ளத் துப்பாக்கி. பரணில் இருந்த பொருள் மாறவில்லை, பேர் மாறிவிட்டது. உள்ளூரில் தண்ணீர்க் குழாயை வெட்டித் திருட்டுத்தனமாகச் செய்த துப்பாக்கிகளும் பிடிபடுகின்றன. அவை சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கக்கூடியவை, அவற்றுக்கு வக்காலத்து வாங்க ஒன்றுமில்லை. ஆனால் இரண்டையும் ஒரே மேசையில் அடுக்கி ஒரே படத்தில் காட்டும்போது, புதுப்பிக்காமல் விட்ட பாட்டனும் கொல்லைப்புறத்துக் கள்ளப் பட்டறையும் ஒன்றாகிவிடுகிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, போனால் 5 ஆண்டு சிறை. பாட்டன் சொத்தாகப் பேரனுக்கு வருவது இப்போது இந்த ஆபத்து.

வனவிலங்குப் பக்கம் நிற்பவர்கள் கேட்பதும் நியாயமே. இந்தத் துப்பாக்கிகள் பெயருக்குப் பயிர்க்காவல், நடப்பில் காட்டை வழித்தெடுத்தன; முயலும் கேளையாடும் முள்ளம்பன்றியும் குறைந்ததில் இவற்றுக்குப் பங்கில்லையா? உண்டு. பன்றி என்று நினைத்துக் கூட வந்தவனையே சுட்ட செய்திகளும் தமிழ்நாட்டு மலைகளில் இருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேவையான சட்டம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. என் புகார் அது வந்த விதத்தைப் பற்றியது. முதலில் அந்தச் சட்டமும் பெரு வேட்டை, சிறு வேட்டை என்று கட்டணத்தோடு உரிமங்களுக்கு இடம் வைத்திருந்தது. 1991 திருத்தம்தான் அந்தக் கதவை அடைத்தது. அதற்குள் ரைஃபிள் தாத்தாக்கள் தங்கள் கொம்புகளையும் தோல்களையும் வரவேற்பறையில் மாட்டி முடித்துவிட்டார்கள். கொல்லிமலைத் தாத்தாவுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. 1882இல் இருந்தே அவருக்குக் காடு மூடித்தான் கிடந்தது. இதில் விசித்திரம், ஆயுதச் சட்டத்தில் விளையாட்டு, பயிர்க்காவல் என்ற சொற்கள் அப்படியே நின்றதுதான். ஒரு துறை துப்பாக்கிக்கு உரிமம் தரும். இன்னொரு துறை சுட்டால் கைது செய்யும்.

குடகைப் பார் என்று சிலர் சொல்வார்கள். அங்கே ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி, கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூசை. 1860களில் இருந்து கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் உரிமம் பெறுவதில் இருந்து விலக்கு. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் ஏற்றது. அதே சலுகையைக் கொல்லிமலைக்கும் கொடுத்தால் தீர்ந்தது அல்லவா? இந்த ஒப்பீடு என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. கொடவர் துப்பாக்கி வம்சச் சொத்தாக நிலைத்ததற்கு அவர்களுடைய வீரம் மட்டும் காரணம் என்று நினைப்பது வெகுளித்தனம். வெள்ளை அரசுக்கு அவர்கள் விசுவாசமான நிலவுடைமையாளர்கள்; அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த காகிதம் அது. மரபு அந்தக் காகிதத்தின் மேல் செழித்தது. மலையாளிகளிடம் அப்படிப்பட்ட நிலமும் இல்லை, துரைமாரிடம் செல்வாக்கும் இல்லை. ஒரு குடியின் சலுகையை இன்னொரு குடிக்கு நீட்டி, ஒரு மாவட்டம் முழுக்கத் துப்பாக்கியைப் பரப்புவதை நான் ஆதரிக்கவும் மாட்டேன். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: இரண்டு மலைக் குடிகளில் ஒன்றின் துப்பாக்கி பண்பாடு ஆயிற்று, இன்னொன்றின் துப்பாக்கி பறிமுதல் பொருள் ஆயிற்று. நடுவில் நின்றது ஓர் அரசிதழ் அறிவிப்பு.

இதற்கிடையே காட்டுக்கும் வயலுக்கும் உள்ள கணக்கும் மாறிவிட்டது. 1940களில் சேலத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் பெருத்து, 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைந்து, மரவள்ளிக்கு நல்ல சந்தை கிடைத்ததும் கொல்லிமலையின் சாமைக் காடுகளும் கேழ்வரகுக் காடுகளும் சுருங்கி மரவள்ளி ஏறியது. சாமைக்கு எதிரி பகலில் வரும் பறவை; மரவள்ளிக்கு எதிரி ராத்திரியில் வரும் பன்றி. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைப் பன்றி மூக்காலேயே உழுது எடுத்துவிடும். துப்பாக்கியின் சத்தம் அடங்கிய பிறகு அந்த இடத்தை நிரப்பியவை அதைவிடக் கொடியவை: கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய், திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பி. அவற்றுக்குப் பன்றி எது, மாடு எது, மனிதன் எது என்று தெரியாது. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ள உள்ளூர்க்காரர்களைக் கொண்டே பயிரழிக்கும் பன்றியைச் சுட வழி செய்தது. தமிழ்நாடு 2025 தொடக்கத்தில் வேறு வழி எடுத்தது: காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது; 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; 3க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். காடும் வயலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மலை நாடுகளில் 3 கிலோமீட்டர் தாண்டிய மரவள்ளிக் காடு எத்தனை இருக்கும்? சமவெளியின் பக்கம் நீளும் காளப்பநாயக்கன்பட்டி நிலங்களில் சிலவற்றுக்கு அந்த ஆணை பயன்படலாம். மேலே இருப்பவருக்கு அது வரைபடத்தில் மட்டும் உள்ள உதவி. யார் சுடுவது, எதைக் கொண்டு சுடுவது என்ற முடிவு இம்முறையும் குடியானவன் கைக்கு வரவில்லை.

அப்படியானால் இன்று இந்த வட்டாரத்தில் ஓர் அப்பாரு தன் பேரனுக்கோ பேத்திக்கோ துப்பாக்கி தர நினைத்தால் சட்டம் எதை அனுமதிக்கிறது? 21 வயது நிறையும் வரை சொந்தத் துப்பாக்கி இல்லை. 1983 வரை அது 16 ஆக இருந்தது. 12 வயதில் இருந்து பயிற்சிக்காக, உரிய நிபந்தனைகளோடு சுடப் பழகலாம். 2016 ஆயுத விதிகளின்படி 70 வயதைத் தொட்ட உரிமதாரரோ, 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவரோ உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசுக்கு அதை மாற்றிக் கொடுக்க விண்ணப்பிக்கலாம். வாங்குகிறவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் காட்ட வேண்டும். .177 அளவுக்கு மேற்படாமல், 20 ஜூலுக்குள் ஆற்றல் அடங்கிய ஏர் ரைஃபிளுக்கு உரிமமே வேண்டாம். போட்டிகளில் சுடுகிற பிள்ளைகள் தொடங்குவது அதில்தான். மேலோட்டமாகப் பார்த்தால் இது தாராளமான பட்டியல். ஆனால் 70 வயதில் மாற்றிக்கொடுக்கும் வசதி, புதுப்பித்த உரிமம் கையில் இருப்பவருக்கு மட்டும். ஏர் ரைஃபிளின் விலையும் பயிற்சித் தளமும் நகரத்துப் பெற்றோருக்கு எட்டுகிறவை. பயிற்சிச் சான்றிதழ் வாங்க எந்த ஊருக்குப் போவது என்பது மலைக்காரர் முதலில் கேட்கும் கேள்வியாக இருக்கும். பறிமுதல் படங்களுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக் காட்டி, செம்மேட்டில் ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்கும் முகாமும், பயனற்றுப்போன பழைய துப்பாக்கிகளை வழக்கில்லாமல் வாங்கிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் ஏற்பாடும் செய்வது மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவல்ல. வெடிக்க முடியாதபடி பழுதான, பழமை மட்டுமே மிஞ்சிய ஆயுதத்துக்கு 1959 சட்டமே தன் 45ஆம் பிரிவில் விலக்கு வைத்திருக்கிறது. அந்தப் பிரிவைப் பயன்படுத்தினால், பாட்டன் துப்பாக்கியைச் சிறைக்குப் பயப்படாமல் பேத்தியும் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்ளலாம்.